நீர் நிறைந்த குகைகளும் கெடா முக்குளிப்பாளரின் கல்வியும்

நீர் நிறைந்த குகைக்குள் முக்குளிப்பது, கடலில் முக்குளிப்பதன் சற்றுக் கடினமான வடிவம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இத்தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டோரோ அதனைத் தனியொரு துறையாகவே கொள்கின்றனர். திறந்த நீரில் முக்குளிப்பவருக்கு இடர் நேருமாயின் தலைக்கு நேர்மேலே காற்று இருக்கிறது. குகையில் தலைக்கு மேலே பாறை இருக்கிறது. காற்றை அடைய வேண்டுமாயின் உள்ளே சென்ற தொலைவு முழுவதையும் அதே வழியில் நீந்தித் திரும்பியாக வேண்டும். இத்துறையின் கருவிகள், கணக்குகள், குழு ஒழுங்கு ஆகிய அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை. மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து எல்லை கடந்து தென்தாய்லாந்தின் குகைகளுக்குச் செல்லும் குழுக்களுடன் இக்கட்டுரையாளர் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, அத்தொழிலின் முறைகளையும், அவை கெடா மக்களின் அன்றாட நீர்ப் பழக்கத்துக்குக் கற்பிக்கும் பாடத்தையும் விளக்குவதே இங்கு நோக்கமாகும்.

சுண்ணாம்புப் பாறையின் நாடு

கெடா என்றதும் நெல்வயல்களும், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும், கடாரத்தின் தொன்மையைச் சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கும் நினைவுக்கு வருகின்றன. அம்மாநிலம் சுண்ணாம்புப் பாறைகளின் நாடும் ஆகும் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. அலோர்ஸ்டாருக்கு வடக்கே, வயல்வெளியின் நடுவில் 218 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழும் கெரியாங் மலை, பாலிங் நகரை ஒட்டி நிற்கும் செங்குத்தான பாறைமலை, லங்காவித் தீவுகளின் குன்றுகள் ஆகியன இவ்வகைப் பாறையால் ஆனவை. இதே வகைப் பாறை பெர்லிஸ் வழியாக எல்லையைக் கடந்து, தாய்லாந்தின் திராங், கிராபி, சூராட் தானி மாநிலங்கள்வரை ஆங்காங்கே தலைகாட்டுகிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் பாறையைக் கரைக்கும்போது குகைகள் உருவாகின்றன. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் தான் சுமந்து வந்த சுண்ணாம்பைப் படியவிடுவதால் மேலிருந்து தொங்கும் கல்விழுதுகளும், தரையிலிருந்து எழும் கல்முளைகளும் வளர்கின்றன. இவை காற்றுள்ள இடத்தில்தான் வளர முடியும். ஆகவே நீருக்கடியில் கல்விழுதைக் காணும் முக்குளிப்பாளர், அக்குகை ஒரு காலத்தில் உலர்ந்திருந்தது என்பதற்கான சான்றையே காண்கிறார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அன்று நிலமாக இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது, தாழ்வான குகைகளுள் பல நீருக்குள் மறைந்தன.

குகையின் கூரை சரிந்து விழுமிடத்தில் நிலம் கிண்ணம்போல் குழிந்து உறிஞ்சு துளையாகிறது. அக்குழியில் நீர் தேங்கும்போது குளமோ ஏரியோ தோன்றுகிறது. லங்காவியில் சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று காணும் தாயாங் புந்திங் ஏரி இவ்வாறு உருவானதாகும். கிராபியின் ஸ்ரா கேவ், திராங்கின் சொங் ஹொங் ஆகிய குளங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மேலிருந்து நோக்கின் மரங்கள் சூழ்ந்த சாதாரணக் குளங்களாகத் தோன்றும் இவை, உள்ளே செங்குத்தாக இறங்கிப் பேராழத்துக்குச் செல்வதால், தொழில்நுட்ப முக்குளிப்பாளர்களைப் பல நாடுகளிலிருந்தும் ஈர்க்கின்றன. காவ் சோக் தேசியப் பூங்காவில், 1987 இல் திறக்கப்பட்ட ராட்சபிராபா அணையால் உருவான சியாவ் லான் ஏரியோ வேறொரு வகையைக் காட்டுகிறது; அங்கே அணைநீர் ஏறியதால், மனிதர் நினைவுக்கு எட்டிய காலத்திலேயே உலர்ந்திருந்த குகைகள் மூழ்கியுள்ளன.

பயிற்சியும் பருவமும்

குகைக்குள் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் திறந்த நீரில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். கெடாவைச் சேர்ந்தோருக்கு அதற்கு வாய்ப்பான இடம் கோலா கெடாவுக்கும் லங்காவிக்கும் அப்பால் அமைந்த பாயார் தீவுக் கடற்பூங்காவாகும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் காணப்படும் தெளிந்த நீர் அங்கே எப்போதும் கிடைப்பதில்லை. எனினும் கலங்கிய நீரில் திசை தவறாமல் மிதக்கக் கற்றவருக்கு அந்தக் குறையே பின்னர் உதவுகிறது. அதன் பின்னர்க் குகை வாயிலில் பகலொளி தெரியும் எல்லைக்குள் நிற்கும் பயிற்சி, அவ்வெல்லையைக் கடந்து செல்லும் பயிற்சி எனப் படிப்படியாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குச் செல்ல எவருக்கும் சலுகை அளிக்கப்படுவதில்லை. பல்லாண்டு கடலில் முக்குளித்த பயிற்றுநர்களும் குகைப் பயிற்சியின்றி உள்ளே சென்று உயிரிழந்துள்ளனர் என்பதே அதற்குக் காரணம்.

சுங்கை பட்டாணியில் புறப்படும் குழு வட தெற்கு நெடுஞ்சாலை வழியாகப் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியை அடைந்து, சடாவ், ஹட்யாய் வழியாகத் திராங்கையோ கிராபியையோ ஒரே பகலில் சென்றடையலாம். தொலைவு அவ்வளவே ஆயினும், திட்டமிடுதல் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. அத்திட்டத்தின் முதற்கேள்வி மழை பற்றியது. மேல்மண்ணில் விழும் மழை பாறை வெடிப்புகளின் வழியே குகைக்குள் விரைந்து இறங்கும். குகையில் நிற்போருக்கு வெளியே மழை பெய்வதே தெரியாமல் இருக்கலாம். காவ் சோக் பூங்காவின் நாம் தாலு குகையில் 2007 அக்டோபரில் திடீரெனப் புகுந்த வெள்ளம், நடந்து சென்ற சுற்றுலாக் குழுவினர் பலரின் உயிரைப் பறித்தது. ஆகவே மேற்குக் கரையில் மழை ஓய்ந்த ஆண்டின் தொடக்க மாதங்களையே குழுவினர் தேர்ந்தெடுக்கின்றனர். அம்மாதங்களிலும் முந்தைய சில நாட்களின் மழையளவை உள்ளூர் மக்களிடம் கேட்டறியாமல் நீரில் இறங்குவதில்லை.

அடுத்த கேள்வி காற்று. உருளைகளில் காற்றை நிரப்பும் எந்திரத்தின் உறிஞ்சுகுழாய், அவ்வெந்திரத்தின் புகைபோக்கிக்கு அருகே இருக்குமாயின், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உருளைக்குள் புகும். 1946 இல் பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றுக் குகையில் இறங்கிய ஜாக் கூஸ்தோவும் அவருடைய தோழரும் இவ்வாறு மாசுபட்ட காற்றால்தான் உயிரிழக்கும் நிலைக்குச் சென்று மீண்டனர். சிற்றூர்களில் காற்று நிரப்பும்போது எந்திரத்தின் பக்கத்தில் ஒருவர் நின்று, காற்று வீசும் திசையைக் கவனிப்பதும், நிரப்பிய உருளை ஒவ்வொன்றையும் சோதித்துப் பெயரெழுதி ஒட்டுவதும் இக்குழுக்களில் மாறாத வழக்கங்களாகும்.

மூன்றில் ஒரு பங்கு

குகை முக்குளிப்பின் விதிகள் அறிஞர் ஒருவர் அறையில் அமர்ந்து எழுதியவை அல்ல. அவை இறந்தோரிடமிருந்து கற்றவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெக் எக்ஸ்லி, குகைகளில் நிகழ்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1979 இல் வெளியிட்ட சிறு கையேட்டில் அவற்றின் காரணங்களைத் தொகுத்தார். வாயில்வரை அறுபடாமல் நீளும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, காற்றை மட்டும் சுவாசித்துக்கொண்டு மிகுந்த ஆழத்துக்குச் செல்லுதல் ஆகிய மூன்றும் மீண்டும் மீண்டும் தென்பட்டன. பயிற்சியின்மையும் போதிய விளக்கின்மையும் பின்னர் அவற்றோடு சேர்க்கப்பட்டன. இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஐந்து விதிகள் இவற்றின் மறுபக்கமே.

காற்றைப் பற்றிய விதி, கொண்டுசெல்லும் காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே செல்வதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும், எஞ்சிய பங்கைத் தோழருக்கு நேரக்கூடிய இடருக்கும் ஒதுக்குகிறது. அதன் கண்டிப்பை ஒரு கணக்கால் உணரலாம். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. எனவே 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்காகிறது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு அங்கே 80 லிட்டர் தேவைப்படுகிறது. 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் உருளைகள் இரண்டில் 4,800 லிட்டர் காற்று உள்ளது. அதில் மூன்றில் ஒரு பங்கு 1,600 லிட்டர். அது 20 நிமிடங்களுக்கே போதும். நிமிடத்துக்கு 15 மீட்டர் வீதம் நீந்தினால் அவர் 300 மீட்டர் சென்றதும், முதுகில் மூன்றில் இரண்டு பங்கு காற்று நிறைந்திருக்கும்போதே, திரும்பியாக வேண்டும்.

நீரோட்டம் குகைக்குள் நோக்கிப் பாயுமாயின், உள்ளே செல்வது எளிதாகவும் திரும்புவது எதிர்நீச்சலாகவும் அமையும். அங்கே மூன்றில் ஒரு பங்கு என்னும் விதியும் போதாது. அதனினும் குறைவாகவே செலவிட வேண்டும். குழுவினரின் உருளைகள் வேறுபட்ட அளவுடையவையாக இருக்கும்போது, மிகக் குறைந்த காற்றுடையவரின் கணக்கே குழு முழுமைக்குமான கணக்காகிறது. வலியவர் மெலியவருக்காகக் காத்திருப்பது இங்கே கருணையின்பாற்பட்டதன்று, எழுதிவைத்த விதியின்பாற்பட்டது.

ஆழத்தைப் பற்றிய விதிக்குக் காரணம் நைட்ரஜன் மயக்கமாகும். காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜன், சுமார் 30 மீட்டருக்குக் கீழே, மதுவுண்டவரின் நிலையை ஒத்த மந்தத்தை மூளைக்கு உண்டாக்குகிறது. மயங்கியவர் தாம் மயங்கியிருப்பதை அறிவதில்லை. ஆகவே ஆழமான குகைகளுக்குச் செல்வோர் ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துகின்றனர். ஆழத்தில் உடலில் கரைந்த வாயு, விரைவாக மேலேறும்போது குமிழிகளாகித் திசுக்களைச் சிதைக்கும் என்பதால், வெவ்வேறு ஆழங்களில் குறித்த நேரம் நின்று மேலேறும் அழுத்தத் தணிப்பு முறையும் கட்டாயமாகிறது. இவ்வளவு அறிந்த எக்ஸ்லியும் 1994 ஏப்ரலில், மெக்சிகோவின் சக்காத்தோன் என்னும் ஆழ்துளைக் குளத்தில் உயிரிழந்தார். அறிவு மிகுந்தவருக்கும் நீர் விலக்களிப்பதில்லை என்பதற்கு இத்துறையினர் அவரையே நினைவுகூர்கின்றனர்.

கயிறும் விளக்கும் வண்டலும்

குழுவின் முதல்வர் குகை வாயிலுக்கு வெளியே, பகலொளியில், வழிகாட்டிக் கயிற்றைப் பாறையில் கட்டுகிறார். சற்று உள்ளே மீண்டுமொருமுறை கட்டுகிறார். பின்னர்ச் சுருளியிலிருந்து கயிற்றை விடுவித்துக்கொண்டே, திருப்பந்தோறும் பாறை முனைகளில் சுற்றி முன்னேறுகிறார். கண் தெரியாத நிலையில் கைவிரல்களால் தடவிச் செல்வோருக்குக் கயிறு குறுகிய இடுக்கில் சிக்கிவிடாதவாறு அதனை இழுத்துக் கட்டுவதே அவர்தம் திறமையின் அளவுகோல். கயிற்றில் ஆங்காங்கே மாட்டப்படும் அம்பு வடிவத் துண்டுகள் வெளியேறும் திசையைக் காட்டுகின்றன. அவை இருளிலும் தொட்டறியத்தக்க வடிவில் செய்யப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த தமிழ்ப் பரதவர், கல்லைக் காலில் பற்றி இறங்கியபோது, படகில் கயிறு பிடித்து நின்றவரை நம்பியே மூச்சையடக்கினர். குகையிலோ கயிற்றின் மறுமுனையில் இழுப்பவர் எவருமில்லை. அதனைப் பற்றி வெளியேற வேண்டிய பொறுப்பு முக்குளிப்பவரையே சார்ந்தது.

ஒளிக்கென ஒவ்வொருவரும் மூன்று விளக்குகளை எடுத்துச் செல்கின்றனர். அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் குழு திரும்பிவிடும். விளக்கு வழியைக் காட்டுவதோடு குழுவின் மொழியாகவும் பயன்படுகிறது: பாறையில் ஒளியை மெல்ல வட்டமிட்டால் நலம் என்றும், பக்கவாட்டில் விரைந்து அசைத்தால் இடர் என்றும் பொருள். ஆயினும் எத்தனை விளக்கிருந்தும் பயனற்றுப்போகும் நிலை ஒன்று உண்டு. குகைத் தரையில் நெடுங்காலமாகப் படிந்த மென்மையான வண்டலை ஒரு கால் அசைவு கிளப்பிவிட்டால், நீர் கணப்பொழுதில் சேற்றுக்குழம்பாகி, முகத்துக்கு முன் பிடித்த கையும் தெரியாமற்போகும். அவ்வண்டல் மீண்டும் படியப் பல மணி நேரமாகலாம். இதனாற்றான் குகை முக்குளிப்பாளர் கால்களை மேலும் கீழும் உதைக்காமல், முழங்காலை மடக்கித் தவளையைப்போல் பின்னோக்கித் தள்ளி நீந்தப் பழகுகின்றனர். வெளிவிடும் மூச்சின் குமிழிகள் கூரையில் மோதித் துகள்களை உதிர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்கின்றனர். கண்ணை மறைத்து, கயிற்றை மட்டும் பற்றி, தோழரின் தோளைத் தொட்டு வெளியேறும் பயிற்சியைத் தரையிலேயே பலமுறை செய்துவிட்டுத்தான் குழு நீரில் இறங்குகிறது.

திரும்பும் உரிமை

இத்துறையின் விதிகளுள் இக்கட்டுரையாளர் மிக உயர்ந்ததாகக் கருதுவது, குழுவிலுள்ள எவரும், எந்நேரத்திலும், எக்காரணத்துக்காகவும், பெருவிரலை உயர்த்திப் பயணத்தை முடிக்கலாம் என்பதாகும். அக்குறியைக் கண்ட மற்றவர்கள் அதே குறியால் விடையளித்துத் திரும்பியாக வேண்டும். மறுக்கவோ காரணம் வினவவோ எவருக்கும் உரிமையில்லை. திராங் மாநிலத்தில் ஒரு பயணத்தின்போது, நெடிய இடுக்கைக் கடந்து, கயிறு இதுவரை கட்டப்படாத அகன்ற கூடமொன்றின் வாயிலைக் குழு அடைந்த வேளையில், அண்மையில் பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர், தம் விளக்கின் ஒளி மங்கியதைக் கண்டு பெருவிரலை உயர்த்தினார். பல மாத உழைப்பின் பயன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. குழுவின் மூத்தவர் ஒரு கணமும் தயங்காமல் அதே குறியைக் காட்டித் திரும்பினார். மேலேறிய பின்னர் அந்த இளைஞரிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. மாலை உணவின்போது பேச்சு, மறுநாள் உருளை நிரப்புவது பற்றியே அமைந்தது.

கெடாவின் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழமானது. விடியற்காலைப் பெயரழைப்பான பிரட்டில், மேற்பார்வையாளரான கங்காணியோ கணக்கரான கிராணியோ இட்ட வேலையை மறுபேச்சின்றி ஏற்று ரப்பர்ப் பால் வெட்டச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள், வயதில் மூத்தவரிடம் வேண்டாம் என்று சொல்வதையே மரியாதைக் குறைவாக எண்ணிப் பழகியவர்கள். அண்ணனாகவும் ஆசானாகவும் மதிக்கும் ஒருவரை, இளையவரின் ஒரு விரலசைவு திருப்பிவிட முடியும் என்பதும், அதனால் அந்த மதிப்பு குறையாமல் கூடுவதும் குகை அவர்களுக்குக் கற்பித்த புதிய ஒழுங்காகும்.

இத்தொழிலில் உலகப் புகழ் பெற்றோரும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றனர். 2018 ஜூன் 23 அன்று, வட தாய்லாந்தின் சியாங் ராய் மாநிலத்தில், தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்றுநரும் மழைவெள்ளத்தால் சிறைப்பட்டனர். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டறிந்த ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் ஆகிய பிரித்தானிய முக்குளிப்பாளர்கள், சம்பளத்துக்காக அல்லாமல் ஆர்வத்தால் குகைகளுக்குச் செல்லும் பழக்கமுடையவர்கள்; அவர்கள் செல்லும் வழிநெடுகக் கயிறு கட்டிக்கொண்டே சென்றிருந்தனர். ஜூலை 6 அன்று, தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான், குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்தார். ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்டு ஹாரிஸ் மயக்கமருந்து அளித்த பின்னர், முழுமுகக் கவசம் அணிவிக்கப்பட்ட சிறுவர்கள், ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில், ஒருவர்பின் ஒருவராக வெளியே கொண்டுவரப்பட்டனர். குகையிலிருந்து இறைத்த நீர் தம் வயல்களில் பாய்ந்து பயிரை அழித்தும், அதைப் பொருட்படுத்தாத உழவர்கள் இருந்தனர். நெல் விளைக்கும் கெடா மக்களுக்கு அத்தியாகத்தின் அளவு விளக்கமின்றியே புரியும்.

அம்மீட்புப் பணியில் ஈடுபட்ட பிரித்தானியருள் சிலர், மறு ஆண்டு வியட்நாமின் சொன் டூங் பெருங்குகைக்குச் சென்று, அதனை அருகிலுள்ள வேறொரு குகையோடு இணைக்கக்கூடிய நீரடிச் சுரங்கத்தில் இறங்கினர். சுரங்கம் எதிர்பார்த்ததினும் ஆழமாகச் சென்றது. கொண்டுவந்த கருவிகள் அந்த ஆழத்துக்கு ஏற்றவையல்ல என்று கண்ட அவர்கள், 77 மீட்டர் ஆழம்வரை சென்று திரும்பினர். உலகமே வியந்து போற்றிய வீரர்கள், கருவி போதாது என்ற காரணத்தால் முன்வைத்த காலைப் பின்வைத்தனர் என்பதை, குகைக் கல்வியின் நிறைவான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கெடாவின் நீர்நிலைகள்

குகைக்குள் செல்வோர் சிலரே. நீருக்குள் இறங்குவோர் அனைவரும். 2018 அக்டோபர் 3 அன்று, சிலாங்கூர் மாநிலத்தின் பூச்சோங்கில், பழைய ஈயக்குட்டை ஒன்றில் இளைஞர் ஒருவரைத் தேடி இறங்கிய மலேசியத் தீயணைப்பு மீட்புப் படையின் முக்குளிப்பாளர் ஆறு பேர் நீரின் வேகத்தில் சிக்கி உயிரிழந்தனர். பயிற்சி பெற்றவர்களையும் மேற்பரப்பில் அமைதியாகத் தோன்றும் நீர் கொண்டுசெல்லும் என்பதை நாடு அன்று கண்ணீரோடு அறிந்தது. கெடாவில் 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து யான் வட்டாரத்தின்மீது இறங்கிய வெள்ளமும், 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங் வட்டாரத்தை அழித்த வெள்ளமும், மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை என்னும் குகைப் பாடத்தையே திறந்த வெளியில் நிறுவின.

விடுமுறை நாட்களில் தித்தி ஹாயூன், லாத்தா பாயு, செடிம், தூப்பா ஆகிய அருவிகளுக்கும் ஆறுகளுக்கும் குடும்பத்தோடு செல்வது கெடாத் தமிழரின் இனிய வழக்கமாகும். அவ்வழக்கம் நிலைக்க வேண்டுமாயின் அதற்குரிய கல்வியும் உடன்வர வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும், ஆலய நிருவாகங்களும், இளைஞர் மன்றங்களும் பிள்ளைகளுக்கு நீச்சலைத் தக்க பயிற்றுநரைக் கொண்டு கற்பிக்க முன்வரல் வேண்டும். நீரில் இறங்கும் ஒவ்வொரு குழுவும், இறங்குமுன் மேல்மலையின் வானத்தைப் பார்த்தல், கரையில் நின்று கண்காணிப்பவர் யார் என்று முடிவு செய்தல், குழுவில் நீச்சல் குறைந்தவரின் அளவையே அனைவரின் எல்லையாகக் கொள்ளுதல் ஆகிய மூன்றையும் வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போதும், திரும்புவோம் என்று வயதில் சிறியவர் சொன்னாலும், காரணம் கேட்காமல் அனைவரும் கரையேறும் பழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் இன்றே தொடங்க வேண்டும்.